இலைக் கணக்கு இப்போது எதற்கு?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கும் என் மகன், 2028 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான கருத்துக்கணிப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருக்கிறான். யார் எத்தனை சதவீதம் முந்துகிறார் என்பது வரை அதில் வந்துவிடுகிறது. உங்கள் இதழில் மட்டும் ஒரு வரிகூடக் காணோமே? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று கேள்விப்பட்டதில்லையா? எங்கள் திண்ணையில் இதை வைத்துப் பந்தயமே கட்டியாயிற்று.
(ஒரு வாசகர், தேவகோட்டை)

பதில்: கேள்விப்பட்டிருக்கிறேன் ஐயா. உலை வைப்பதற்கு முன்னால் எடுத்து நசுக்கினால் கையில் வருவது அரிசி.

உங்கள் ஊர்க் கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் முன்னால் பங்காளிகளிடம் கேட்டால் ஒருத்தர் விடாமல் “வராம இருப்பமா?” என்பார்கள், அந்தத் தொகையை நம்பி எந்தச் சமையல்காரராவது சாமான் பட்டியல் போடுவாரா? கல்யாண வாரத்தில் வந்து “எத்தனை இலை விழும்?” என்று மறுபடி கேட்பார், அப்போதும் நீங்கள் சொன்ன எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்.

இப்போது எடுக்கிற கணிப்பு அளப்பது பெயரைத்தான். போனை எடுத்தவரிடம் பத்துப் பெயரை வாசித்தால், பாவம், காதில் விழுந்திருக்கிற பெயரைச் சொல்வார். எந்தக் கட்சியும் வேட்பாளரை அறிவிக்காத நேரத்தில் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்று அடுத்த எம்.எல்.ஏ. யார் என்று கேட்டுப் பாருங்கள், பிளெக்ஸ் பேனரில் யார் முகம் பெரிதோ அவர் பெயர்தான் வரும். 2007-இல் குடியரசுக் கட்சி வேட்பாளருக்கான தேசியக் கணிப்புகளில் பெரும்பாலும் முதலிடத்தில் இருந்தவர் ரூடி ஜூலியானி. செப்டம்பர் 11 தாக்குதலின்போது நியூயார்க் மேயர், டிவியில் அவரைப் பார்க்காத அமெரிக்கர் இருந்திருக்க மாட்டார். 2008 ஜனவரியில், வேட்பாளர் யார் என்று கட்சி ஆதரவாளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிற உட்கட்சித் தேர்தலில், நிஜ ஓட்டு விழத் தொடங்கியது. அயோவா போயிற்று, நியூ ஹாம்ப்ஷயர் போயிற்று, புளோரிடாவில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தவர் அங்கே மூன்றாவதாக வந்து மறுநாளே விலகிக்கொண்டார். எதிர்முகாமான ஜனநாயகக் கட்சியில் 2007 முழுக்கக் கணிப்பில் முந்தியவர் ஹிலாரி, வேட்பாளர் ஆனது ஒபாமா.

அப்புறம் கணக்கு. நாடு முழுக்க 1000 பேரிடம் கேட்டால் பிழை 3 சதவீதம் வரை இருக்கலாம். அதில் ஒரு கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஓட்டுப் போடக்கூடியவர் 400 பேர் என்றால் அது 5 வரை போகும். இந்த லட்சணத்தில் ஒருவருக்கு 12, இன்னொருவருக்கு 9 என்று வந்தால் யார் முந்துகிறார் என்று எப்படிச் சொல்வது? உங்கள் மகன் சொல்கிறார். அது போக, உட்கட்சி ஓட்டு நாடு முழுக்க ஒரே நாளில் விழுவதும் இல்லை, மாநிலம் மாநிலமாகத்தான், முதலில் போடுகிற மாநிலம் பின்னால் வருகிறவர்களின் மனசை மாற்றிவிடும்.

தேர்தல் வருஷத்திலேயே கவிழ்ந்த கதையும் உண்டு. 1988 ஜூலையில் ஜனநாயகக் கட்சியின் டுகாகிஸ் கணிப்பில் 17 புள்ளி முன்னால் இருந்தார், நவம்பரில் 40 மாநிலங்களில் தோற்றார். 1992 ஜூனில் 39 சதவீதத்தோடு முதலிடத்தில் நின்ற சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோவுக்குக் கடைசியில் விழுந்த ஓட்டு 19 சதவீதம்தான்.

எல்லாக் கணிப்பும் பொய் என்றும் சொல்ல மாட்டேன். 2015 ஜூலையிலிருந்து குடியரசுக் கட்சியில் டிரம்ப் முந்துகிறார் என்று கணிப்புகள் சொன்னபோது பண்டிதர்கள்தான் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு உறுத்துவது வேறு. அந்த ஆகஸ்டில் கிளீவ்லேண்டில் நடந்த அந்தக் கட்சிப் போட்டியாளர்களின் முதல் டிவி விவாதத்தில், கணிப்புச் சராசரியில் முதல் 10 பேருக்குத்தான் பிரதான மேடை, மீதி 7 பேருக்கு அன்று மாலையிலேயே தனி மேடை. அரை சதவீதம் குறைந்தால் மேடை இல்லை, மேடை இல்லாவிட்டால் நன்கொடை இல்லை. அளக்க வந்த படி நெல்லையே குறைத்தால் என்ன செய்வது?

பத்திரிகை நடத்துகிறவனுக்கு இன்னொரு பயமும் உண்டு. 1936-இல் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற அமெரிக்க வார இதழ் சுமார் 1 கோடி பேருக்குச் சீட்டு அனுப்பி, திரும்பி வந்த 20 லட்சத்துக்கும் மேற்பட்டதை எண்ணி, அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் லாண்டன் ஜெயிப்பார் என்று அச்சடித்தது. டெலிபோனும் காரும் வைத்திருந்தவர்களின் முகவரியாகப் பார்த்து அனுப்பியிருந்தது, அந்தப் பஞ்ச காலத்தில்! ரூஸ்வெல்ட் 48-இல் 46 மாநிலங்களை வாரிக்கொண்டு போனார். 1938-இல் அந்த இதழே இல்லை. நம் இதழின் நிலைமை உங்களுக்குத் தெரியும், சந்தா பாக்கி உங்களுடையதும் இருக்கிறது.

உங்கள் மகனிடம் ‘இன்னும் முடிவு செய்யவில்லை’ என்றவர்கள் எத்தனை சதவீதம் என்று கேட்டு எழுதுங்கள், அதைப் போடுகிறேன். பந்தயம் இருக்கட்டும். தோற்றவர் வீட்டுக் கந்தரப்பம்தான் பணயம் என்றால் ஒரு தூக்கு இங்கேயும் வரட்டும், 2028 நவம்பர் 7 கழித்து.