சுற்றுலாவில் முனைவர் பட்டம் – கடிதம்

வணக்கம் மேடம்,

கொடைக்கானலில் பிறந்து வளர்ந்தவள் நான். சுற்றுலா மேலாண்மையில் எம்பிஏ முடித்து ஒரு வருடம் ஆகிறது. இப்போது மதுரையில் ஒரு டிராவல்ஸ் கம்பெனியின் இன்ஸ்டாகிராம், கூகுள் விளம்பரங்களைப் பார்த்துக்கொள்கிறேன். சுற்றுலா மார்க்கெட்டிங்கும் டிஜிட்டல் தொழில்நுட்பமும் சேர்ந்த தலைப்பில் பிஎச்டி செய்து பேராசிரியர் ஆக வேண்டும் என்று ஆசை. ஏஐ சாட்பாட்டுகள் சுற்றுலாப் பயணிகளின் முடிவுகளை எப்படி மாற்றுகின்றன என்பதைத் தலைப்பாக யோசித்து வைத்திருக்கிறேன். அப்பா டாக்ஸி ஓட்டுகிறார். "ஊர் சுத்திக் காட்டுறதுக்கு எதுக்கும்மா டாக்டர் பட்டம்?" என்கிறார். கோபத்தில் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்கிறார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. இது நிலைக்கிற துறையா? வேலை கிடைக்குமா? என் தலைப்பு சரியா?

ர.

அன்புள்ள ர.,

அப்பா கேட்டது நல்ல கேள்வி. அவர் தொழிலை வைத்தே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

மே மாதச் சனிக்கிழமை ஒன்றில் அவர் வண்டி ஸ்டாண்டிலேயே நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய சவாரியை எடுத்து வைத்து மறுநாள் ஓட்ட முடியாது. போனது போனதுதான். லாட்ஜ் அறைக்கும் விமான சீட்டுக்கும் இதே கதைதான். வாங்குகிறவர் பக்கம் வேறொரு சிக்கல். திருச்சியில் உட்கார்ந்துகொண்டு கொடைக்கானலில் அறை எடுப்பவர் அதைத் தொட்டுப் பார்க்க முடியாது. படத்தையும் விலையையும் நாலு பேர் சொன்னதையும் நம்பித்தான் பணம் கட்டுகிறார். இந்த வியாபாரத்தில் முதலில் கைமாறுவது தகவல். அதனால்தான் கணினி வந்ததுமே பயணத் தொழில் அதைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐபிஎம்மும் சேர்ந்து சேபர் என்ற முன்பதிவு அமைப்பைக் கொண்டுவந்தது 1960களில். நம் வீடுகளுக்கு இணையம் வருவதற்கு முன்பே, 1994இல், தகவல் தொழில்நுட்பத்தையும் சுற்றுலாவையும் சேர்த்துப் பேசுவதற்கென்றே என்டர் என்ற ஆய்வு மாநாடு ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் தொடங்கிவிட்டது. இணையத்தில் பயண முன்பதிவு செய்யும் எக்ஸ்பீடியாவும், பின்னால் புக்கிங் டாட் காம் ஆன டச்சு நிறுவனமும் பிறந்தது 1996இல். ஐஆர்சிடிசி இணையத்தில் டிக்கெட் விற்க ஆரம்பித்தது 2002இல். துறை நிலைக்குமா என்ற கவலை உங்களுக்கு வேண்டாம்.

வேலை விஷயம் வேறு. அங்கே ஆறுதலாகப் பேசினால் உங்களை ஏமாற்றுவதாகும். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் சுற்றுலா நிர்வாகமும் மேலாண்மையும் தனிப் பாடமாகவே இருக்கிறது. அதே தேர்வின் வழியே ஜேஆர்எஃப் என்ற ஆய்வு நல்கை வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. படிக்கும் காலத்தை அது தாங்கும். ஆனால் படித்து முடித்தபின் போய் உட்கார இடங்கள் குறைவு. ஒன்றிய அரசின் சுற்றுலா, பயண மேலாண்மைக் கழகம் 1983இல் தொடங்கியது. குவாலியர், புவனேஸ்வர், நொய்டா, நெல்லூர், கோவா என்று அதன் வளாகங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். நமக்குப் பக்கத்தில் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் துறை இருக்கிறது. மற்றபடி கலைக் கல்லூரிகளில் வரலாற்றுத் துறையோடு ஒட்டிக்கொண்டோ, வணிக மேலாண்மைத் துறைக்குள்ளேயோதான் சுற்றுலா ஓடுகிறது. நிரந்தரப் பணியிடம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் ஒன்பது வருடம் ஒப்பந்த விரிவுரையாளராக இருந்தேன். ஒவ்வொரு ஏப்ரலிலும் பணி முடியும். ஜூனில் புது ஆணை வரும்வரை வீட்டில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்தக் கேட்காமையைத் தாங்குவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். இப்போது செய்யும் வேலையை உடனே விட்டுவிடாதீர்கள். விளம்பரத்துக்குச் செலவழித்த பணம் எத்தனை முன்பதிவாகத் திரும்பி வருகிறது என்று தினமும் பார்க்கிறீர்கள் இல்லையா, அந்த அனுபவம் இல்லாமல் டிஜிட்டல் மார்க்கெட்டிங் பாடம் நடத்துபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். இங்கேதான் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

என்னிடம் ஆய்வு செய்த ஒரு பையன் டிக்டாக் வீடியோக்கள் இளைஞர்களின் பயண விருப்பத்தை எப்படித் தூண்டுகின்றன என்ற தலைப்பை எடுத்தான். நான்தான் கையெழுத்துப் போட்டேன். கேள்வித்தாள் தயார் செய்து, கல்லூரி கல்லூரியாக அலைந்து, பாதி டேட்டா சேர்த்துவிட்டான். 2020 ஜூன் 29 அன்று இரவு 59 சீனச் செயலிகளுக்குத் தடை. டிக்டாக்கும் அதில் ஒன்று. மறுநாள் காலை போன் செய்தவன் எதுவும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. ஒரு மாதம் கழித்து இருவரும் உட்கார்ந்து அவன் எடுத்த பேட்டிகளை மறுபடி படித்தோம். டிக்டாக் என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே வேறொரு கேள்வி இருந்தது. முன்பின் தெரியாத ஒருவர் முப்பது நொடியில் காட்டும் ஊரை, பத்து வருடமாக அரசு விளம்பரம் காட்டும் ஊரைவிட ஏன் அதிகம் நம்புகிறோம்? அந்தக் கேள்விக்கு எந்தத் தடையும் வரவில்லை. அதை வைத்துத்தான் அவன் பட்டம் வாங்கினான்.

பிஎச்டி குறைந்தது மூன்று வருடம், நடைமுறையில் ஐந்து. இன்று நீங்கள் பார்க்கும் சாட்பாட் உங்கள் வைவா என்ற இறுதி வாய்மொழித் தேர்வு நாளில் இதே உருவத்தில் இருக்காது. கருவியைத் தலைப்பாக வைத்தால் அதன் ஆயுள்தான் ஆய்வுக்கும். ஒரு ஊரையும் அங்குள்ள மனிதர்களின் சிக்கலையும் தலைப்பாக வைத்தால் கருவி மாறினாலும் ஆய்வு நிற்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் துறையில் வரும் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சு. நானூறு பேரிடம், முழுக்க ஏற்கிறேன் என்பதிலிருந்து முழுக்க மறுக்கிறேன் என்பது வரை ஐந்தில் ஒன்றை டிக் செய்யும் கேள்வித்தாள், பாதிப் பேர் ஆய்வாளரின் சொந்தக் கல்லூரி மாணவர்கள், "இந்த வீடியோவைப் பார்த்தபின் அங்கே போக எண்ணுகிறீர்களா?" என்று ஒரு கேள்வி. ஆம் என்று டிக் செய்ய என்ன செலவு? எண்ணியவர்களில் எத்தனை பேர் பஸ் ஏறினார்கள் என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. எண்ணத்துக்கும் பயணத்துக்கும் நடுவே சம்பளம், லீவு, வீட்டில் அனுமதி எல்லாம் இருக்கின்றன. ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய நடு என்று உங்களுக்குத் தெரியும்.

அரசு எண்களையும் அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். 2021-22இல் கட்டணம் வாங்கும் தொல்லியல் சின்னங்களில் வெளிநாட்டினர் அதிகம் போன இடம் மாமல்லபுரம்: 1,44,984 பேர். தாஜ்மகாலுக்கு 38,922. மாமல்லபுரம் தாஜ்மகாலை முந்தியது என்று எல்லோரும் கொண்டாடினோம், நானும்தான். அப்புறம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "மேடம், 2021 நவம்பர் வரைக்கும் டூரிஸ்ட் விசாவே திறக்கலையே?" என்று கேட்டாள். அந்த நிதியாண்டில் பாதிக்கு மேல் கொரோனாவால் சுற்றுலா விசா நிறுத்தி வைக்கப்பட்டிருந்த காலம். அப்படியானால் டிக்கெட் எடுத்த அந்த வெளிநாட்டினர் யார்? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலைக்காகக் குடியிருக்கும் கொரியர்களும் ஜப்பானியர்களுமா? ஒரே குடும்பம் ஞாயிறுதோறும் வந்ததா? அப்படி என்றால் விளம்பரம் போக வேண்டியது லண்டனுக்கா, பழைய மகாபலிபுரம் சாலைக்கா? ஒரே ஒரு எண்ணிலிருந்து எத்தனை கேள்விகள் கிளம்புகின்றன பாருங்கள். அந்தப் பெண் கேட்டது முழுமையான ஆராய்ச்சிக் கேள்வி. எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

உங்களுக்கு அப்படி ஒரு கேள்வி வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. மலைக்கு வண்டியில் வருகிறவர்கள் முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டிய இ-பாஸைச் சொல்கிறேன்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அதற்கடுத்த வாரம் நான் கொடைக்கானல் வந்திருந்தேன். வெள்ளி நீர்வீழ்ச்சி சோதனைச் சாவடியில் ஒரு வேன் ஓரம் கட்டி நின்றது. விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பம். பாஸ் என்று ஒன்று வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. பன்னிரண்டு வயது இருக்கும், ஒரு பையன் போனை வைத்துக்கொண்டு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். வண்டி எண் என்ன, எத்தனை பேர், எத்தனை நாள், எங்கே தங்குகிறோம் என்று ஒவ்வொன்றாகப் பெரியவர்களைக் கேட்டான். எங்கே தங்குகிறோம் என்ற கேள்விக்கு வேனுக்குள் பதில் இல்லை. பாட்டி, "சாயங்காலம் திரும்பிடுவோம்னு போடுப்பா" என்றார். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. கடைசியில் சாவடியில் இருந்த ஊழியரே வந்து முடித்துக் கொடுத்தார்.

நான் திரும்பி வரும் வழியெல்லாம் அந்த விண்ணப்பத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மலை ஊருக்கு நாளை யார் வருகிறார்கள், எத்தனை பேர், தங்குவார்களா, அன்றே இறங்கிவிடுவார்களா என்பதெல்லாம் முன்கூட்டியே பதிவாகிறது. இதற்காகத்தான் நாங்கள் வருடக்கணக்கில் சாலையோரம் கேள்வித்தாளோடு நின்றோம். 2025 ஏப்ரலில் வரம்பும் வந்தது. ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. அரசு பஸ்களுக்கு வரம்பு இல்லை. நீலகிரியில் வியாபாரிகள் கடையடைத்தார்கள். அவர்கள் கோபமும் நியாயம்தான், சீசனில் சம்பாதித்து வருடம் முழுக்கச் சாப்பிடும் ஊர் அது.

மார்க்கெட்டிங் என்றால் கூட்டத்தைக் கூட்டுவது என்றே நமக்குச் சொல்லித் தருகிறார்கள். மார்க்கெட்டிங் பேராசிரியர்கள் பிலிப் காட்லரும் சிட்னி லெவியும் 1971லேயே, தேவையைக் குறைப்பதும் மார்க்கெட்டிங்கின் வேலை என்று டிமார்க்கெட்டிங் என்ற சொல்லைக் கொண்டுவந்தார்கள். பாடப் புத்தகத்தில் அது ஒரு பத்தியில் முடிந்துவிடும். பார்சிலோனாவில் 116ஆம் எண் சிற்றுந்து ஒன்று மேட்டுத் தெருக்களில் ஏறி பார்க் குவெல் என்ற பூங்கா வரை போகிறது. சுற்றுலாப் பயணிகளே நிறைந்துவிடுவதால் அந்தப் பகுதி முதியவர்களால் ஏற முடியவில்லை. 2024இல் நகராட்சி கேட்டு, கூகுள் வரைபடத்திலிருந்து அந்தத் தடம் எடுக்கப்பட்டது. ஊர்க்காரர்களுக்குப் பஸ்ஸில் மறுபடி இடம் கிடைத்தது. தொழில்நுட்பமும் சுற்றுலா மார்க்கெட்டிங்கும் ஊர் மக்களும் சந்திக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கொடைக்கானலில் பாஸ் கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்? மூணாறு போனார்களா, ஏற்காடா, வீட்டிலேயே இருந்தார்களா, வத்தலக்குண்டில் காரை விட்டுவிட்டு அரசு பஸ் ஏறினார்களா? மேலே உங்கள் அப்பா மாதிரி உள்ளூர் டாக்ஸிக்காரர்களுக்கு அதனால் சவாரி கூடியதா, குறைந்ததா? அதே 2024இல் ஒரு மலையாளப் படம் ஓடி, குணா குகைக்குக் கூட்டம் திரண்டதே, அந்தக் கூட்டத்தில் எவ்வளவு பேர் வாசலில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அன்றே இறங்கினார்கள்? இவற்றில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாட்பாட் மீது ஆசை விடவில்லை என்றால், பாஸ் இல்லை என்றதும் சாட்பாட் வேறு எந்த ஊரைச் சொல்கிறது, ஏன் எப்போதும் அதே நாலு ஊரைச் சொல்கிறது என்று அதை உள்ளே கொண்டுவரலாம்.

புள்ளியியலை ஒழுங்காகப் படியுங்கள், மென்பொருள் பட்டனை அழுத்தினால் போதாது. பேட்டிகளைத் தமிழிலேயே எடுத்து, தமிழிலேயே எழுதி வைத்துக்கொண்டு, பிறகு மொழிபெயருங்கள். பணம் கட்டினால் பதினைந்து நாளில் கட்டுரை போடும் பத்திரிகைகளின் பக்கம் போகாதீர்கள். நான் ஒருமுறை போனேன். அந்தக் கட்டுரையை என் பட்டியலிலிருந்து நானே எடுத்துவிட்டேன். நல்ல கைடு கிடைப்பது பல்கலைக்கழகத்தின் பெயரைவிட முக்கியம். சேரும் முன் அவரிடம் படித்த பழைய மாணவர்கள் இரண்டு பேரிடமாவது பேசிவிடுங்கள்.

உடனே செய்ய ஒரு வேலை சொல்கிறேன். பல டாக்ஸிக்காரர்கள் டிரிப் நோட்டு வைத்திருப்பார்கள். தேதி, எங்கிருந்து வந்தவர்கள், எந்தெந்த இடம், எவ்வளவு வாங்கினோம், டீசல் எவ்வளவு என்று. அப்பாவிடம் 2023, 2024, 2025 மே மாத நோட்டுகள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவரையும் உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்