செயலி வாங்குவதற்கு முன்னால்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் ஒரு சிறிய நகராட்சி மன்றத்தின் உறுப்பினர். அலுவலகத்தைக் கணினிமயமாக்கப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு நிறுவனம் வந்து அழகான செயலி ஒன்றைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் ஒரே ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழோ கட்டட அனுமதியோ, எதுவானாலும் சரி. அது போகிற மேசைக்கெல்லாம் நீங்களும் கூடவே போய், எத்தனை கையெழுத்து, எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கிறது, ஒரே விவரத்தை எத்தனை பேரேட்டில் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள் என்று குறித்து வாருங்கள். ஏழு கையெழுத்து வேண்டிய வேலையை அப்படியே கணினியில் ஏற்றினால், ஏழு பேர் பொத்தானை அழுத்தும்வரை மக்கள் காத்துக் கிடக்க வேண்டியதுதான். அதை மூன்றாகக் குறைத்துவிட்டு அப்புறம் கணினிக்குப் போங்கள். இணையத்தில் விண்ணப்பித்ததை அச்செடுத்து நேரில் கொண்டுவரச் சொல்லும் அலுவலகத்தில் நானே நின்றிருக்கிறேன். பழைய வேலை குறையாமல் புதிதாக ஒரு வேலை சேர்ந்ததுதான் அங்கே நடந்தது.

எஸ்டோனியாவைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள், அதில் கவனிக்க வேண்டியது வேறு. 2001-இல் அவர்கள் தொடங்கிய எக்ஸ்-ரோடு என்ற அமைப்பில் எல்லாத் தகவலையும் ஒரே இடத்தில் குவிக்கவில்லை. ஒவ்வொரு துறையின் தரவுத்தளமும் அந்தந்தத் துறையிடமே இருக்கும், வேண்டியபோது ஒன்று மற்றொன்றிடம் பாதுகாப்பாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒரு விவரத்தை அரசுக்கு ஒருமுறை கொடுத்துவிட்டால் அதையே இன்னொரு அலுவலகம் மறுபடி கேட்கக் கூடாது என்பது அங்கே கொள்கை. அந்த முடிவை எடுக்க மென்பொருளை விட மன உறுதிதான் அதிகம் வேண்டும்.

இன்னொன்றையும் பாருங்கள். தென்கொரியாவின் சியோல் மாநகராட்சி 1999-இல் 'ஓப்பன்' என்ற முறையைக் கொண்டுவந்தது. கட்டட அனுமதி, உரிமம் போன்றவற்றுக்கு ஒருவர் கொடுத்த மனு இப்போது எந்த அலுவலரிடம் இருக்கிறது, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதை வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தது. அவ்வளவுதான் அதன் சாரம், ஆனால் லஞ்சத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. மனு எங்கே கிடக்கிறது என்று தெரியாதவரைதான் அதை நகர்த்துவதற்கு ஒருவர் காசு கேட்க முடியும். கர்நாடகத்தின் 'பூமி' திட்டத்திலும் ஏறக்குறைய 2 கோடி நில ஆவணங்களைக் கணினியில் ஏற்றியதோடு நிறுத்தாமல், பெயர் மாற்ற மனுக்களை வந்த வரிசைப்படியே தீர்க்க வேண்டும் என்பதை மென்பொருளுக்குள்ளேயே வைத்தார்கள். உங்களிடம் வந்த நிறுவனத்திடம் இந்த இரண்டையும் கேளுங்கள்: மனுவின் நிலை எல்லோருக்கும் தெரியுமா, வரிசையைத் தாண்ட முடியாதபடி இருக்கிறதா? அதோடு, ஒப்பந்தம் முடிந்தால் தரவு முழுவதும் நம் கைக்கு வருமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: அலுவலக வேலை சுலபமாகும் என்பது புரிகிறது. ஆனால் இதனால் ஓர் ஊரின் பொருளாதாரம் எப்படி வளரும்? (கல்லூரி மாணவி)

பதில்: தகவல் சரியான நேரத்தில் கிடைப்பதே ஒரு முதலீடு மாதிரிதான். இதற்கு எனக்குப் பிடித்த சான்று, பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் 2007-இல் வெளியிட்ட ஆய்வு. வட கேரளக் கடற்கரையில் 1997-க்கும் 2001-க்கும் இடையே கைபேசி வந்தபோது என்ன நடந்தது என்று அவர் பார்த்தார். அதற்கு முன்பு ஒரு கரையில் மத்தி வாங்க ஆளில்லாமல் கொட்டுவார்கள், சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கரையில் மீனே கிடைக்காது. பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம் வீணானது. படகில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுக்கொள்ள முடிந்ததும் வீணாவது ஏறக்குறைய நின்றே போனது. மீனவரின் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை சுமார் 4 சதவீதம் குறைந்தது. இருவருக்கும் ஒரே நேரத்தில் நன்மை! இத்தனைக்கும் யாரும் அவர்களுக்காகத் தனியாக ஒரு திட்டம் போடவில்லை, கோபுரம் நட்டார்கள், மீதியை அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

உள்ளாட்சி செய்யக்கூடியதும் இதே வகைதான். தன்னிடம் மட்டுமே இருக்கும் தகவலை வெளியே விடலாம்: எந்த வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி கேட்கிறோம், யாருக்குக் கொடுத்தோம், என்ன தொகைக்கு. உக்ரைனில் 2016 ஆகஸ்ட் முதல் ஒரு வரம்புத் தொகைக்கு மேற்பட்ட எல்லா அரசுக் கொள்முதலும் 'புரோசோரோ' என்ற இணையத் தளம் வழியாகத்தான் நடக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். ஏலத்தில் கலந்துகொண்டவர்கள் கேட்ட விலைகளைக்கூட ஏலம் முடிந்ததும் யாரும் பார்க்கலாம். ஆள் பழக்கம் இல்லாத ஒரு சிறு நிறுவனத்துக்கு இது எவ்வளவு பெரிய கதவு என்று யோசியுங்கள். இணையக் கம்பியைத் தானே இழுத்த ஊரும் உண்டு. அமெரிக்காவின் சட்டனூகாவில் நகரத்துக்குச் சொந்தமான மின் நிறுவனம், மின் தடையைச் சீக்கிரம் சரிசெய்ய உதவும் என்று ஒளியிழை போட்டது. 2010-இல் அதே இழையில் தன் எல்லைக்குள் உள்ள எல்லா வீட்டுக்கும் கடைக்கும் நொடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் இணையம் தர முன்வந்தது.

கேள்வி: ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள், படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

பதில்: இந்தக் கேள்வியை எல்லாத் திட்டக் கூட்டத்திலும் முதல் கேள்வியாக வைக்க வேண்டும் ஐயா. பாஸ்டன் நகரத்தில் 'ஸ்ட்ரீட் பம்ப்' என்ற செயலி வந்தது. காரில் போகும்போது கைபேசி குலுங்குவதை வைத்துச் சாலைப் பள்ளத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும். நல்ல யோசனைதான், ஆனால் அப்போது ஸ்மார்ட்போனும் காரும் அதிகம் இருந்தது வசதியானவர்களிடம், அதனால் கிடைக்கும் தகவலும் அவர்கள் போகும் தெருக்களின் பக்கமே சாயும். ஏழைத் தெருவின் பள்ளம் கணக்கிலேயே வராமல் போகும் ஆபத்து அதில் இருந்தது. வராத புகாரை 'குறை இல்லை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தொலைபேசியில் சொன்னாலும், கவுன்ட்டரில் வந்து வாயால் சொன்னாலும் அதே பதிவேட்டில், அதே வரிசையில் ஏற வேண்டும். கவுன்ட்டரை மூடுவது மிச்சம் பிடிக்கும் வழி அல்ல.

கேள்வி: எங்கள் விவரங்கள் எல்லாம் கணினியில் இருந்தால் பயமாக இருக்கிறதே?

பதில்: பயம் நியாயமானது. 2019 மே மாதம் அமெரிக்காவின் பால்டிமோர் நகராட்சியின் கணினிகளைப் பணயத்தொகை கேட்கும் கும்பல் முடக்கியது. மின்னஞ்சல் நின்றது, வீடு விற்பனைகூடச் சில நாள் நடக்கவில்லை. நகராட்சி பணம் கொடுக்க மறுத்தது, ஆனால் இழப்பு ஏறக்குறைய 1.8 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். தரவின் நகலைத் தனியாக, இணையத்தோடு சேராமல் வைத்திருக்கிறார்களா, அதிலிருந்து மீட்டெடுத்துச் சோதித்துப் பார்த்தார்களா என்று உங்கள் உறுப்பினரிடம் கேளுங்கள்.

அரசே அத்துமீறுவதும் உண்டு. நெதர்லாந்தில் உதவித்தொகை மோசடியைப் பிடிக்கிறோம் என்று பல துறைகளின் தகவலைக் கலந்து மக்களைச் சந்தேகப்பட்ட 'சிரி' என்ற முறையை, தனிமனித உரிமையை மீறுகிறது என்று 2020 பிப்ரவரியில் அந்நாட்டின் ஹேக் மாவட்ட நீதிமன்றம் நிறுத்தியது. எஸ்டோனியாவில் தன் விவரத்தை எந்த அலுவலகம் எப்போது எடுத்துப் பார்த்தது என்பதைக் குடிமக்களே பார்க்க வழி இருக்கிறது. அந்த வசதியைத்தான் நாமும் கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: எனக்கு மென்பொருள் தெரியும். ஊருக்கு ஏதாவது செய்ய ஆசை, யாரும் கூப்பிடவில்லை.

பதில்: கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம். பிரிட்டனில் 'மை சொசைட்டி' என்ற தன்னார்வ அமைப்பு 2007-இல் 'பிக்ஸ் மை ஸ்ட்ரீட்' தளத்தைத் தொடங்கியது. வரைபடத்தில் பழுதான விளக்கையோ குழியையோ குறித்தால் அது எந்த மன்றத்தின் பொறுப்போ அங்கே புகார் போய்விடும், புகாரும் எல்லோருக்கும் தெரியும்படி தளத்திலேயே இருக்கும். எந்தக் குறைக்கு எந்த அலுவலகம் பொறுப்பு என்பதை மக்கள் அறிந்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் அழகு. அதன் நிரலைத் திறந்த மூலமாகவே கொடுத்திருக்கிறார்கள். பல நாடுகளில் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். முதலில் உங்கள் மன்றத்தின் வரவு செலவுத் திட்டத்தை எடுத்து, தெருவில் இருப்பவருக்குப் புரிகிற ஒரு பக்கமாக மாற்றிப் பாருங்கள். இரண்டு வார வேலை. முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், இந்தப் பகுதியில் போடுகிறேன்.