தக்காளி கருகுகிறதா? கேளுங்கள்

கேள்வி (தக்கலை): அண்ணாச்சி, தக்காளியில் கருகல் வருவதை முன்கூட்டியே அறிய வழி உண்டா? அடி இலைகளில் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன.

பதில்: இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வளையத்துக்குள் வளையம் தெரிந்தால் முன்பருவக் கருகல். ஆல்டர்னேரியா பூஞ்சையின் வேலை. வெக்கையும் ஈரமும் சேரும் நம் ஊருக்கு வாய்த்த நோய். 1845இல் அயர்லாந்து உருளைக்கிழங்கைத் தின்று பஞ்சம் கொண்டுவந்த பின்பருவக் கருகல் வேறு. அதில் வளையம் இராது. வெந்நீர் பட்டதுபோல் இலை திட்டுத்திட்டாகக் கறுக்கும், விடியற்காலையில் அடிப்பக்கம் வெண்பூசணம் தெரியும். அதற்குக் குளிர்ச்சி வேண்டும்.

பின்பருவக் கருகலுக்குப் பிரிட்டனில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: அடுத்தடுத்து 2 நாட்கள், வெப்பம் 10 டிகிரிக்குக் குறையாமல், தினமும் 6 மணி நேரமாவது ஈரப்பதம் 90 சதவீதம் இருந்தால் எச்சரிக்கை. நாகர்கோவிலுக்கு அதைப் பொருத்தினால் ஐப்பசி முழுக்க எச்சரிக்கைதான்! நான் இலையையே நம்புகிறேன். காலை ஒன்பது மணிக்கும் அடி இலை காயாமல் இரண்டு நாள் கிடந்தால், என் மாடியில் அடுத்த வாரமே புள்ளி வந்திருக்கிறது. தரையைத் தொடும் இலைகளைக் கிள்ளி எறியுங்கள், செடியைக் கம்பில் கட்டுங்கள், மண் தெறிக்காதபடி தூரில் சருகு போடுங்கள். தண்ணீரைத் தூரில் ஊற்றுங்கள், தலையில் ஊற்றாதீர்கள்.

கேள்வி (குளச்சல்): நேற்று செழிப்பாக நின்ற செடி இன்று பச்சையாகவே தொங்கிவிட்டது. கருகல்தானே?

பதில்: இல்லை. புள்ளியே இல்லாமல் பச்சையாக வாடினால் பாக்டீரியா வாடலாக இருக்கும். அடித்தண்டை அறுத்துக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால்நூல் போல் இறங்கினால் அதேதான். மருந்து இல்லை, வேரோடு பிடுங்கி எரியுங்கள். அந்த மண்ணில் கத்தரி, மிளகாயும் வேண்டாம். அடுத்த முறை இந்த வாடலைத் தாங்கும் அர்கா ரக்ஷக் தக்காளி ரகத்தை நடுங்கள்.

கேள்வி (அருமனை): ரப்பருக்கு அடிக்கும் துருசுக் கலவை தக்காளிக்கு ஆகுமா?

பதில்: ஆகும். மழைக்கால ரப்பர் இலையுதிர்வும் பின்பருவக் கருகலும் பைட்டோப்தோரா என்ற கிருமிக் குடும்பத்தின் வேலைதான். 10 கிராம் துருசை (காப்பர் சல்பேட், அதாவது செம்பு உப்பு) அரை லிட்டர் தண்ணீரிலும், 10 கிராம் சுண்ணாம்பை அரை லிட்டரிலும் தனித்தனி பிளாஸ்டிக் வாளிகளில் கரையுங்கள். துருசு நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குங்கள். பளபளக்கத் தேய்த்த இரும்புக் கத்தியைக் கலவையில் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். அன்றே தெளித்துவிடுங்கள். நோய் வருமுன் அடிப்பதுதான் பயன்.

மார்த்தாண்டம்: துருசு ரசாயனம் அல்லவா? புளித்த மோர் போதும்.

அருமனை: மோர் தெளித்த உங்கள் தோட்டத்தைப் போன ஐப்பசியில் பார்த்தேன். எறும்புதான் விளைந்திருந்தது.

மார்த்தாண்டம்: எறும்பு மண்ணுக்கு நல்லது!

பதில்: இருவரும் நிறுத்துங்கள். இந்தத் துருசுக் கலவை 1885இல் பிரான்சில் வெளிச்சத்துக்கு வந்தது. திராட்சை திருடுவோரை விரட்டச் சாலையோரக் கொடிகளில் பூசியிருந்தார்கள், அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் அண்டவில்லை. மார்த்தாண்டத்துக்காரர் பயப்படுவதிலும் நியாயம் உண்டு: செம்பு மண்ணில் தங்கிச் சேரும். வாரந்தோறும் அடிக்கிற பொருள் அல்ல. மோரைப் பற்றிக் கேட்காதீர்கள்.

கேள்வி (பூதப்பாண்டி): மாடியில் உருளைக்கிழங்கு?

பதில்: இரவு குளிராமல் கிழங்கு திரளாது. சிறுகிழங்கு நடுங்கள்.

கேள்வி (இரணியல்): அடி இலையில் பழுப்புப் புள்ளி, என்ன நோய்?

பதில்: தக்கலைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (தோவாளை): தினமும் மாலையில் குழாயால் செடியை நன்றாகக் குளிப்பாட்டுகிறேன். ஆனாலும் புள்ளி வருகிறதே?

பதில்: ஆனாலும் அல்ல, அதனால்தான். காலையில், தூரில்.