வீட்டுத் தோட்டத்தில் எடுத்த விதைகளைப் பல ஆண்டுகள் முளைப்புத்திறன் குறையாமல் வைப்பது எப்படி?

வெயிலில் நன்றாகக் காயவைத்து டப்பாவில் மூடிய விதை அடுத்த ஆண்டே முளைக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் காரணம், அந்த விதை தொட்டுப் பார்க்கத்தான் காய்ந்திருந்தது, உள்ளே ஈரம் இருந்தது. விதை சுற்றியுள்ள காற்றோடு சமமாகும் வரை ஈரத்தை விடும் அல்லது வாங்கும். காற்றின் ஈரப்பதம் 75% இருந்தால் அவரை, பயறு போன்றவை சுமார் 14% ஈரத்தில் வந்து நின்றுவிடும். அதற்குமேல் எத்தனை நாள் பரப்பி வைத்தாலும் இறங்காது. பகலில் இறங்கியதும் இரவில் ஏறிவிடும்.

காய்கறி விதைகள் பல ஆண்டு இருக்க வேண்டுமானால் 6 முதல் 8% ஈரத்துக்கு வர வேண்டும். ஹாரிங்டன் என்ற விதையியல் அறிஞர் சொன்ன ஒரு தோராயக் கணக்கு உண்டு: விதையின் ஈரம் ஒவ்வொரு 1% குறையும்போதும் ஆயுள் இரட்டிக்கும். வெப்பநிலை ஒவ்வொரு 5 டிகிரி செல்சியஸ் குறையும்போதும் அப்படியே. 13 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்கு இறக்கினால் 32 மடங்கு! அதனால்தான் குளிர்ப்பெட்டியைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஈரத்தைப் பாருங்கள் என்கிறேன்.

முதலில் காய் முற்ற வேண்டும். சமையலுக்குப் பறிக்கும் பருவம் விதைக்கு ஆகாது. கத்தரி மஞ்சளாகும் வரையும், வெள்ளரி பழுத்து மெத்தென்று ஆகும் வரையும், வெண்டையும் அவரையும் நெற்றாகி உள்ளே விதை குலுங்கும் வரையும் செடியிலேயே விடுங்கள். முற்றாத விதையை எவ்வளவு கவனமாக உலர்த்தினாலும் ஆயுள் குறைவுதான்.

தக்காளி விதையைச் சுற்றி வழவழப்பான ஓர் உறை இருக்கும். முளைப்பைத் தடுக்கும் பொருள் அதில்தான் இருக்கிறது. விதையைச் சாறோடு கண்ணாடிக் குவளையில் 2, 3 நாள் புளிக்க விட்டால் உறை கரையும், நல்ல விதை அடியில் தங்கும். அதற்குமேல் விட்டால் குவளையிலேயே முளைவிடத் தொடங்கும். அலசியதும் தட்டிலோ வலையிலோ பரப்புங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

முதல் உலர்த்தல் நிழலில், மின்விசிறிக் காற்றில், ஒரே அடுக்காக நடக்கட்டும். 35 டிகிரிக்கு மேல் சூடு வேண்டாம். ஈர விதைக்குச் சூடு தாங்காது. பெரிய அவரை விதைகளைச் சட்டென்று உலர்த்தினால் தோல் வெடிக்கும்.

ஒரு வாரம் ஆனபின், ஈரத்தை உறிஞ்சும் மணிகளான சிலிக்கா ஜெல்லுக்கு மாற்றுங்கள். விதையின் எடைக்குச் சம எடை ஜெல் போதும். விதையைக் காகித உறையிலோ துணிப்பையிலோ இட்டு, ஜெல்லோடு இறுக்கமாக மூடும் கண்ணாடி ஜாடியில் வையுங்கள். ஜெல் நிறம் மாறும் வகையாக இருக்கட்டும். ஆரஞ்சு மணிகள் ஈரம் குடித்தால் பச்சையாகும். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சு இருக்கிறது, அதைத் தவிர்ப்பது நல்லது. நிறம் மாறிய மணிகளை 110 முதல் 120 டிகிரியில் 2, 3 மணி நேரம் சூடாக்கி, ஆறியதும் மறுபடி போடலாம். சிறு விதைகள் 7, 8 நாளில் ஆகிவிடும். பெரியவற்றுக்குக் கூடுதல் நாளாகும். இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த எடை மாறாமல் இருந்தால் உலர்த்தல் முடிந்தது. அவரை வகையை ரொம்பவும் உலர்த்தாதீர்கள், 8 சதவீதத்துக்குக் கீழே போனால் தோல் கல்லாகித் தண்ணீரே உறிஞ்சாது.

எடைபோட வசதி இல்லையா? ஓர் அவரை விதையைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடியுங்கள். நொறுங்கிச் சிதறினால் காய்ந்தது. நசுங்கித் தட்டையானால் இன்னும் ஈரம் இருக்கிறது.

சேமிக்க, ரப்பர் வளையமுள்ள கண்ணாடி ஜாடி அல்லது தடித்த அலுமினியத் தாள் பை. சாதாரணப் பிளாஸ்டிக் பை வழியாக ஈரம் மெல்ல உள்ளே போகும். குளிர்ப்பெட்டிக்குள் காற்று ஈரமாகவே இருக்கும், அதனால் இந்த இறுக்கம் அங்கேயும் தேவை. உறைபெட்டியில் வைப்பதானால் 8 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. ஈரம் மிகுந்த விதையில் பனிக்கட்டி உண்டாகி உயிரணுக்கள் கிழியும். நன்கு காய்ந்த பயறு விதைகளை உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்தால், வயலிலிருந்தே கூட வந்த வண்டு முட்டைகளும் சாகும்.

மா, பலா விதைகளுக்கு இந்த முறை ஒத்துவராது. அவை உலர்ந்தால் செத்துவிடும், எடுத்ததும் நட வேண்டியதுதான். வெங்காய விதையும் சாதாரணமாக வைத்தால் ஓராண்டு, இரண்டாண்டுதான் தாங்கும். முதலில் குளிரில் இடம் கொடுக்க வேண்டியது அதற்குத்தான். தக்காளியும் வெள்ளரியும் நாலைந்து ஆண்டு வரும்.

குளிரிலிருந்து வெளியே எடுத்த ஜாடியை உடனே திறக்காதீர்கள். ஓர் இரவு வெளியில் இருந்து அறைச்சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த விதைமேல் நீர் பூத்துவிடும். விதைப்பதற்கு முன் பத்து விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்து எத்தனை முளைக்கிறது என்று பாருங்கள். ஐந்துதான் வந்தால் இரண்டு மடங்கு விதையுங்கள், அந்த ஆண்டே புது விதையும் எடுத்துவிடுங்கள். மிக உலர்ந்த அவரை வகையை நேராகத் தண்ணீரில் ஊறப்போட்டால் பருப்பு வெடிக்கும். ஈரக்காற்றில் ஓரிரு நாள் திறந்து வைத்துவிட்டு விதையுங்கள்.