காலி கடல்சார் தொல்லியல் அருங்காட்சியகம்: ஒரே நாளில் எப்படிப் பார்ப்பது?

கேள்வி: கொழும்பில் தங்கியிருக்கிறோம். பத்து, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுடன் ரயிலில் காலிக்குப் போய் அன்றே திரும்ப வேண்டும். அருங்காட்சியகத்தில் எதை முக்கியமாகப் பார்ப்பது? மும்மொழிக் கல்வெட்டும் அங்கேதானே இருக்கிறது?

பதில்: கல்வெட்டின் மூலத்தைத் தேடிக் காலிக்குப் போக வேண்டாம். 1911இல் காலியில்தான் அது கிடைத்தது. ஆனால் இருப்பது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியிலும் பொறித்து, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல் அது. 1409 என்று தேதியிட்டது. கொழும்பை விட்டுப் புறப்படுமுன் பார்த்துவிடுங்கள்.

கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து காலிக்குச் சுமார் இரண்டரை மணி நேரம். போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான். காலி நிலையத்திலிருந்து காலிக் கோட்டைக்கு நடந்தே போகலாம்.

அருங்காட்சியகம் இருப்பது ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கட்டிய நீண்ட கிட்டங்கியில். கோட்டையின் பழைய வாயில் இந்தக் கட்டடத்தைத் துளைத்துக்கொண்டுதான் போகிறது. வெளிப்புறம் பிரித்தானிய அரசின் சின்னம். உள்ளே திரும்பிப் பார்த்தால் சிங்கங்களுக்கு நடுவே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை, சேவல், 1669 என்ற ஆண்டு. இதைப் பார்த்துவிட்டு நுழைந்தால் கிட்டங்கி ஏன் துறைமுகத்தை ஒட்டி நிற்கிறது என்பது பிள்ளைகளுக்கே புரியும்.

உள்ளே அதிக நேரத்தை 'ஆவொண்ட்ஸ்டர்' கப்பலுக்குக் கொடுங்கள். ஆங்கிலேயரிடமிருந்து 1653இல் ஒல்லாந்தர் பிடித்த கப்பல் இது. நாகப்பட்டினத்துக்குப் பாக்கு ஏற்றக் காத்திருந்தபோது, 1659இல் நங்கூரம் பிடி தளர்ந்து, கரைக்கு மிக அருகிலேயே தரைதட்டி மூழ்கியது. மணல் மூடியதால் அடிப்பகுதி தப்பியது.

கடலடியிலிருந்து மீட்ட இரும்பையும் மரத்தையும் பீங்கானோடு ஒப்பிடப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கடலிலிருந்து எடுத்த மரத்தை அப்படியே உலரவிட்டால் சுருங்கி வெடிக்கும், ஏனென்றால் அரித்துப்போன செல்களைத் தாங்கி நிற்பதே நீர்தான். அதனால் நன்னீரில் நெடுநாள் ஊறவைத்து உப்பை வெளியேற்றி, நீரின் இடத்தில் மெழுகு போன்ற பாலிஎதிலீன் கிளைக்காலை ஏற்றுவார்கள். இரும்பில் கடலுப்பின் குளோரைடு மிஞ்சினால் உள்ளிருந்தே துருவேறி ஏடு ஏடாக உதிரும். பீங்கானுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. இத்தனை பாடுபட்டுக் காத்ததில் ஒரு பகுதியை 2004 சுனாமி, கரையோர ஆய்வுக்கூடத்தோடு அடித்துக்கொண்டு போனது பெரும் இழப்பு.

ஒன்றரை மணி நேரம் போதும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல். இலங்கை ரூபாய் ரொக்கமாக வைத்திருங்கள். கோட்டை மதிலில் நடப்பதை வெயில் தாழ்ந்தபின் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கடைசி ரயிலின் நேரத்தைக் காலையில் இறங்கும்போதே நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.