சம்பளம் 48,000... 20-ம் தேதிக்குள் காலி! அவசர நிதி சேர்ப்பது எப்படி?

கேள்வி: ஓசூரில் இருக்கிறோம். கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை, கைக்கு 34,000 ரூபாய் வரும். நான் தனியார் பள்ளியில் 14,000 வாங்குகிறேன். மகன் நான்காம் வகுப்பு. மாமியாருக்கு 66 வயது, எங்களோடுதான் இருக்கிறார். சில மாதங்களுக்கு முன் அவர் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கையில் பணமில்லை; கணவரின் கிரெடிட் கார்டைத் தேய்த்தோம். அதில் இன்னும் 36,000 நிற்கிறது. பைக் தவணை இன்னும் 14 மாதம் பாக்கி. நகை என்று தாலிச் செயினும் இரண்டு வளையலும் உண்டு. ஆடம்பரம் எதுவும் செய்வதில்லை. ஆனாலும் 20-ம் தேதிக்கு மேல் கணக்கில் பணம் இருப்பதில்லை. ஆறு மாதச் சம்பளத்தை அவசரத்துக்கு எடுத்துவைக்கச் சொல்கிறார்கள். எங்களால் ஆகுமா? செலவைப் பற்றிப் பேசினாலே வீட்டில் சண்டைதான் வருகிறது.

பதில்: ஆறு மாதச் சம்பளம் தேவையில்லை. வருமானம் நின்றால் வீடு ஓட என்ன வேண்டுமோ அதுதான் அவசர நிதியின் அளவு. நீங்கள் அனுப்பிய பட்டியலையே எடுத்துக்கொள்வோம். வாடகை 9,500, மளிகை, பால், காய்கறி, கேஸ் எல்லாம் சேர்த்து 11,000, கரன்ட் பில்லும் போன் ரீசார்ஜும் 1,500, பையனின் வேனும் டியூஷனும் 2,800, மாமியார் மாத்திரை 1,800, பெட்ரோல் 2,200, பைக் தவணை 3,400. மொத்தம் 32,200. தவணை முடிந்ததும் இது 28,800 ஆகிவிடும். இருவரும் சம்பாதிக்கிறீர்கள், இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் போவது அபூர்வம். அதனால் முதல் இலக்கு மூன்று மாதச் செலவு, அதாவது 86,400 ரூபாய். ஆறு மாதத்தைப் பிறகு பார்க்கலாம்.

48,000-ல் 32,200 போனால் 15,800 மிஞ்ச வேண்டும். அது எங்கே போகிறது என்பதுதான் உங்கள் வீட்டுச் சண்டையின் மூலம். பெரும்பாலோர் உடனே டீ, வடை, ஆன்லைன் பிரியாணி என்று கை காட்டுவார்கள். அதுவும் இருக்கிறது, வருகிறேன். ஆனால் உங்கள் கணக்கில் பெரிய ஓட்டை வேறு இடத்தில்.

வருடத்துக்கு ஒருமுறை, இரண்டுமுறை வரும் செலவுகளைத் தனியாக எழுதியிருக்கிறீர்கள்: பள்ளிக் கட்டணம் 28,000, எல்.ஐ.சி பிரீமியம் 12,000, வண்டி இன்ஷூரன்ஸும் சர்வீஸும் 5,000, தீபாவளி பொங்கல் துணிமணி பலகாரம் 20,000, மொய், சீர் 10,000, ஊருக்குப் போய்வர 6,000. கூட்டினால் 81,000. மாதத்துக்கு 6,750 ரூபாய். இதில் எதிர்பாராதது என்று ஒன்றுகூட இல்லை. ஜூனில் பள்ளி திறக்கும் என்பது ஜனவரியிலேயே தெரியும். ஆனால் இவற்றுக்கு மாதாமாதம் ஒதுக்காததால், வரும்போதெல்லாம் அவசரம் போலவே வந்து, சேர்த்த கொஞ்சத்தையும் வழித்துக்கொண்டு போகிறது. ‘சேமிக்க முயன்றோம், நிற்கவில்லை’ என்று சொல்லும் குடும்பங்களில் நான் பெரும்பாலும் காண்பது இதைத்தான்.

ஆக, உங்கள் கையில் உண்மையில் மிஞ்சுவது 15,800 அல்ல, 9,050. அந்த 15,800-ஐ நம்பிச் செலவழித்ததால்தான் 20-ம் தேதியே மாதம் முடிந்துவிடுகிறது.

இந்த 6,750-ஐ சம்பளம் ஏறிய மறுநாளே தனிக் கணக்குக்கோ வங்கி ஆர்.டி-க்கோ (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். முதல் வருடம் இது இடிக்கும், ஆர்.டி நிரம்பும் முன்பே பள்ளிக் கட்டணம் வந்து நிற்கலாம். போனஸ் வந்தால் அதை முதலில் இங்கே போடுங்கள். புதுச் சேலை இந்த ஒரு தீபாவளிக்குக் காத்திருக்கலாம் என்று நினைக்கிறேன், தீர்மானம் உங்களுடையது.

அடுத்து கார்டு பாக்கி. கிரெடிட் கார்டு வட்டி பெரும்பாலும் மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும், வருடத்துக்கு 42 சதவீதம். 36,000-க்கு மாத வட்டி 1,260, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி, ஆக ஏறத்தாழ 1,490 ரூபாய். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: பழைய பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் எதற்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. இன்று அந்த கார்டில் மளிகை வாங்கினால் இன்றிலிருந்தே வட்டி ஓடும்.

நகையை அடகு வைக்கச் சொல்வது எனக்குப் பிடித்த ஆலோசனை அல்ல. ஆனால் இங்கே கணக்கு தெளிவாக இருக்கிறது. பொதுத்துறை வங்கியில் நகைக் கடன் வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம். 36,000-க்கு மாதம் 300 ரூபாய். ஒரு வளையல் போதும். வாங்கிய அன்றே கார்டை முழுதாக அடைத்துவிட்டு, செயலியில் அதன் ஆன்லைன் பயன்பாட்டை நிறுத்திவையுங்கள். அதைச் செய்யாமல் நகையை மட்டும் வைத்தால் ஆறு மாதத்தில் வளையலும் வங்கியில் இருக்கும், கார்டிலும் பாக்கி இருக்கும். அந்த உறுதி வீட்டில் இல்லையென்றால் அடகு வேண்டாம். பாக்கியைத் தவணையாக மாற்றித் தருமாறு கார்டு கொடுத்த வங்கியையே கேளுங்கள். நகைக் கடனைவிட வட்டி கூடுதல்தான், இருந்தாலும் 42-ஐவிடக் குறையும்.

9,050-ல் மாதம் 4,000 எடுத்துவைக்கலாம். முதல் மூன்று மாதம் அதை முழுக்க அவசர நிதிக்கே போட்டு 12,000 ஆக்குங்கள். கடனிருக்கும்போது சேமிப்பா என்று கேட்பார்கள். கையில் ஒன்றுமே இல்லாவிட்டால் அடுத்த முறை யாராவது விழும்போது மறுபடி கார்டுதான் என்பதால் இந்தத் தொகை முதலில் வேண்டும். நான்காம் மாதத்திலிருந்து 4,000 நகைக் கடனுக்கு. ஒன்பது மாதத்தில் அசல் 36,000 முடியும், வட்டியாக இரண்டாயிரத்துச் சொச்சம் நிற்கும், 13-ம் மாதம் அதைக் கட்டினால் வளையல் திரும்பிவிடும். அந்த வட்டி போக இரண்டாம் வருடம் 45,000-க்கு மேல் சேரும். 15-ம் மாதம் முதல் பைக் தவணை 3,400-ஐயும் இதே கணக்குக்குத் திருப்பிவிட்டால் பத்து மாதத்துக்கு 34,000. முதலில் போட்ட 12,000-ஐயும் சேர்த்தால் இரண்டு வருட முடிவில் 91,000-க்கு மேல். மூன்று மாத இலக்கைத் தாண்டிவிட்டீர்கள்.

மீதி 5,050-தான் வெளிச் சாப்பாடு, பையனின் தின்பண்டம், ஞாயிற்றுக்கிழமைக் கறி, பூ, சினிமா எல்லாவற்றுக்கும். வாரத்துக்கு 1,150 என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கணக்காக வைத்தால் முதல் பத்து நாளில் தாராளமாகவும் கடைசி பத்து நாளில் பட்டினியாகவும் போகும். வாரம் என்றால் தவறினாலும் திங்கட்கிழமை புதிதாகத் தொடங்கலாம்.

இதற்கு நோட்டுப் போட்டு எழுதச் சொல்லமாட்டேன்; பலருக்கு அது இரண்டு வாரத்துக்கு மேல் ஓடுவதில்லை. போனில் இருக்கும் யு.பி.ஐ லைட் போதும். அதில் 5,000 ரூபாய்வரை ஏற்றிவைக்கலாம், 1,000 ரூபாய்வரையிலான செலவுக்கு ரகசிய எண் (பின் நம்பர்) கேட்காது. அதனாலேயே பலருக்கு அது ஆபத்து. சின்னச் செலவுகள் பாஸ்புக்கிலும் தனித்தனியாக வராது, ஏற்றிய தொகை மட்டுமே தெரியும். விவரம் வேண்டுமானால் செயலிக்குள் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் தீர்ந்தால் தானாக ஏறும் வசதியை அணைத்துவிட்டு, திங்கள்தோறும் குறிப்பிட்ட தொகையை மட்டும் ஏற்றினால் அதுவே உங்களுக்குக் கடிவாளம். டீக்கடையில் பின் நம்பர் கேட்டால் இந்த வாரப் பணம் முடிந்தது என்று பொருள்.

சண்டைக்கும் இதில்தான் வழி இருக்கிறது. 1,150-ல் 650 வீட்டுக்குப் பொது. 250 அவருக்கு, 250 உங்களுக்கு. அவரவர் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். அந்த 250-க்கு யாரும் யாரிடமும் கணக்குக் கேட்கக் கூடாது. அவர் சிகரெட் வாங்கினாலும் நீங்கள் காதணி வாங்கினாலும் கேள்வி இல்லை. ஆரம்பத்தில் ஒருமுறை மட்டும் இருவரும் உட்கார்ந்து மூன்று மாத யு.பி.ஐ வரலாற்றைப் பாருங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் போன ஆர்டர்கள், டெலிவரி இலவசம் என்பதற்காக 99 ரூபாய்க்குச் சேர்த்து வாங்கிய பொருட்கள், யாரும் பார்க்காத ஓ.டி.டி சந்தா. யார் செய்தது என்பதை விட்டுவிட்டு, எந்த நேரத்தில், எந்தச் செயலியில் என்று பாருங்கள். சாப்பாட்டுச் செயலியில் கார்டு விவரம் சேமித்திருந்தால் நீக்கிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் எண்ணைத் தட்ட வேண்டும் என்றாலே பாதி ஆர்டர் நின்றுபோகும்.

அவசர நிதியை எங்கே வைப்பது? சம்பளக் கணக்கில் வேண்டாம். வேறொரு வங்கியில் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள், யு.பி.ஐ-யோடு இணைக்காதீர்கள், ஏ.டி.எம் கார்டு பர்ஸில் அல்ல, பீரோவில் இருக்கட்டும். முதல் 20,000 அங்கேயே இருக்கலாம். அதற்கு மேல் சேர்வதை 10,000, 10,000-ஆகத் தனித்தனி வைப்பு நிதியாகப் போடுங்கள். ஒரே தொகையாகப் போட்டால் சின்னத் தேவைக்கும் முழுவதையும் உடைக்க வேண்டும். முன்கூட்டியே எடுத்தால் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் குறையும், பரவாயில்லை. வங்கி திவாலானாலும் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம்வரை வைப்புக் காப்பீடு உண்டு. தபால் ஆபீஸ் ஆர்.டி நல்ல திட்டம்தான், ஆனால் ஐந்து வருடத் திட்டம், மூன்று வருடத்துக்கு முன் முடிக்க முடியாது. இந்த வேலைக்கு ஆகாது. ஏலச்சீட்டும் ஆகாது. அவசரத்தில் தள்ளி எடுப்பவருக்குத்தான் அதில் நஷ்டம் அதிகம்.

கணக்கை இருவர் பேரிலும், யாராவது ஒருவர் கையெழுத்தில் எடுக்கும்படி தொடங்குங்கள். கணவர் பேரில் மட்டும் இருந்து, அவரே ஐ.சி.யு-வில் படுத்திருந்தால் அந்தப் பணத்தால் என்ன பயன்?

ஆஸ்பத்திரி பில் முழுவதையும் இந்த நிதி தாங்காது. முன்பணம் கட்ட, ஆட்டோ, மருந்து, ஒரு மாதச் சம்பள வெட்டு, இவ்வளவுக்குத்தான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய் என்பதால் உங்களுக்குப் பொருந்தாது. கணவரின் கம்பெனி குழுக் காப்பீட்டில் கூடுதல் பிரீமியம் கட்டி அம்மாவைச் சேர்க்க முடியுமா என்று எச்.ஆர்-இடம் கேட்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தனி பாலிசி விசாரியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி கிடையாது. ஏற்கெனவே இருக்கும் நோய்களை மறைக்காமல் எழுதுங்கள், மறைத்தால் கிளெய்ம் நேரத்தில் தகராறு. உங்கள் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ (ஊழியர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 21,000 வரை சம்பளம் உள்ளவர்களுக்கானது அது. பலர் பிடித்தம் இருப்பது தெரியாமலேயே வெளியில் காசு கொடுத்து வைத்தியம் பார்க்கிறார்கள்.

கடைசியாக, இப்படி ஒரு கணக்கு இருப்பதைச் சொந்தக்காரர்களிடம் சொல்லாதீர்கள். தெரிந்தால் கைமாற்று கேட்பார்கள், நீங்களும் மறுக்கமாட்டீர்கள். நெருங்கியவர் உயிருக்கு ஆபத்து என்றால் கொடுக்கலாம், அது வேறு. நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசச் சீர் அந்தக் கணக்கில் வராது. அது அந்த 6,750-லிருந்து போக வேண்டியது. எடுத்தது எதுவானாலும், நிதி பழைய அளவுக்கு வரும்வரை நகைக் கடனுக்குப் போகும் 4,000-ஐ இங்கே திருப்பிவிடுங்கள். அந்த மாதங்களில் நகைக் கடனுக்கு வட்டி மட்டும் கட்டினால் போதும்.