ஏறும்போது ஏறிய வண்டி, இறங்கும்போது ஏன் சறுக்குகிறது?

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்களுக்கு ரப்பர் தோட்டம் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் மஹிந்திரா தார் ஜீப் வாங்கியிருக்கிறேன். மழையில் ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் இழுக்கும், சாதாரண வேகத்துக்கான நிலை) போட்டால் செம்மண் பாதையில் ஏறிவிடுகிறது. இறங்கும்போது பிரேக் மிதித்தும் சறுக்குகிறது. வழியில் ஒரு சப்பாத்து (வெள்ளம் மேலேயே ஓடும் தாழ்வான பாலம்) வேறு. தண்ணீர் ஓடும்போது கடக்கலாமா?

பதில்: பிரேக் எந்தக் காரிலும் நான்கு சக்கரத்துக்கும்தான். ஃபோர் வீல் டிரைவ் இழுவையைத்தான் கூட்டும். நிற்பது டயருக்கும் மண்ணுக்கும் உள்ள பிடியைப் பொறுத்தது. நனைந்த செம்மண்ணில், அதுவும் ரப்பர் இலை படிந்து கிடந்தால், அந்தப் பிடி ரொம்பக் குறைவு. டயர் பட்டன் தேய்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

இறக்கத்துக்கு முன்பே, சமதளத்தில் வண்டியை முழுசாக நிறுத்தி, கிளட்சை மிதித்து ஃபோர் லோவுக்கு (நான்கு சக்கரமும் மெதுவாக, ஆனால் அதிக பலத்தோடு சுழலும் நிலை) மாற்றுங்கள். முதல் கியரில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிடுங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்து மெதுவாக இறக்கும். அப்புறம் கிளட்சைத் தொடவே கூடாது. தொட்டால் அந்தப் பிடி போய்விடும். பதற்றத்தில் கால் தானாக அங்கேதான் போகும், அதனால் இடது பாதத்தைத் தரையில் ஊன்றிவிடுங்கள். வண்டியின் மூக்கு நேராகக் கீழே பார்க்கட்டும். சரிவில் குறுக்கே திருப்பினால் கவிழக்கூடும். பின்பக்கம் விலக ஆரம்பித்தால் பிரேக்கை விட்டு ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொடுங்கள். பயமாகத்தான் இருக்கும். ஆனால் சக்கரம் உருண்டால்தான் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கும்.

காய்ந்த ரோடு வந்ததும் டூ ஹை, அதாவது பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடுவதில்லை. இரண்டையும் பிணைத்தே ஓட்டினால் கியர்கள் முறுகிக்கொள்ளும்.

சப்பாத்து விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். 2020-இல் வந்த மாடலுக்கு 650 மில்லிமீட்டர் ஆழம் வரை தாங்கும் என்கிறது நிறுவனம். ஆனால் ஓடுகிற தண்ணீர் அதைவிடக் குறைந்த ஆழத்திலேயே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். கலங்கல் தண்ணீரில் காங்கிரீட் அரித்துப்போயிருந்தாலும் தெரியாது. ஓரக்கல் மறைந்திருந்தால் திரும்பிவிடுங்கள். இங்கே வெயில் அடித்தாலும் மேலே கோதையாறு மலையில் மழை என்றால் தண்ணீர் ஏறும்.

தரை தெரிகிற அளவுக்குக் கொஞ்சமாக ஓடினால், ஃபோர் லோவில் ஒரே சீராகப் போங்கள், நடுவில் கியர் மாற்றாதீர்கள். கரையேறியதும் பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாக மிதித்து உலர்த்துங்கள். ஒருவேளை தண்ணீரிலேயே எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கயிறு கட்டி வெளியே இழுத்து, ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். அது நனைந்திருந்தால், மெக்கானிக் வரும்வரை சாவி பாக்கெட்டிலேயே இருக்கட்டும்.